விங்சூட்: இறக்கை மாட்டிக்கொண்டு குதிப்பவர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விங்சூட் போட்டுப் பறந்தவன் இல்லை. மொட்டை மாடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தாலே உள்ளங்கால் கூசுகிற ஆள். ஆனால் பல வருடங்களாக இந்த விளையாட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, பார்த்து, பார்க்கக் கூடாததையும் கொஞ்சம் பார்த்து வைத்திருக்கிறேன். மலையிடுக்கில் ஒரு மனிதன் அம்பு மாதிரி பாய்கிற வீடியோ ஒன்று சுற்றத் தொடங்கினால் போதும், தெரிந்தவர்கள் எல்லோரும் அதே கேள்விகளோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன்.

விங்சூட் என்பது பாராசூட்டா?

இல்லை. அது ஓர் உடை, அவ்வளவுதான். கைக்கும் விலாவுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் துணி, இரண்டு கால்களுக்கும் நடுவில் இன்னொரு துணி. வௌவாலை நினைத்துக்கொள்ளுங்கள், அல்லது மரத்துக்கு மரம் தாவும் பறக்கும் அணிலை. துணி இரண்டு அடுக்காகத் தைக்கப்பட்டிருக்கும். முன்பக்கம் காற்று புகுவதற்கு வாய்கள் உண்டு. குதித்த சில நொடிகளில் அந்த வாய்கள் வழியாகக் காற்று நுழைந்து உடையே விறைப்பான இறக்கையாகிவிடுகிறது. பாராசூட் தனியாக முதுகுப் பையில் இருக்கிறது. கடைசியில் அதைத் திறந்துதான் தரையிறங்க வேண்டும்.

கையை ஆட்டினால் மேலே போகலாமா?

சின்னப் பையன்கள் மட்டும் கேட்கிற கேள்வி என்று நினைக்காதீர்கள், வங்கி மேலாளர் ஒருவரும் கேட்டார். முடியாது. மோட்டார் இல்லை, அதனால் எப்போதும் கீழேதான் போய்க்கொண்டிருப்பீர்கள். ஆனால் நேராக விழுவதில்லை, சறுக்கிக்கொண்டு போகிறீர்கள். நல்ல உடையும் நல்ல பயிற்சியும் உள்ள ஒருவர் ஒரு மீட்டர் கீழே இறங்குவதற்குள் இரண்டரை, மூன்று மீட்டர் முன்னால் போய்விடுவார். வெறும் ஸ்கைடைவிங்கில், அதாவது இறக்கை உடை இல்லாமல் விமானத்திலிருந்து குதிப்பதில், வயிறு கீழே பார்க்க விழுகிறவரின் வேகம் மணிக்கு 190, 200 கிலோமீட்டர். விங்சூட்டில் கீழ்நோக்கிய வேகம் அதில் பாதிக்கும் கீழே போய்விடும், ஆனால் முன்னோக்கிய வேகம் 150, 200 என்று ஏறிவிடும். நாலாயிரம் மீட்டரில் விமானத்தை விட்டால் சாதாரணமாகக் குதிப்பவருக்கு ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. விங்சூட்காரருக்கு இரண்டரை, மூன்று நிமிடம் கிடைக்கிறது.

இன்னொன்று. வேகம் சேர்த்து வைத்திருந்தால் மூக்கைத் தூக்கிக் கொஞ்ச நேரம் மேலே ஏறவும் முடியும். ஆனால் அது சைக்கிளில் இறக்கத்தில் வந்த வேகத்தில் அடுத்த மேட்டை ஏறுவது போலத்தான். வேகம் தீர்ந்ததும் கதை முடிந்தது.

இதை யார் கண்டுபிடித்தது?

ஒருவர் இல்லை, பலர். அவர்களில் நிறையப் பேர் அதிலேயே செத்தும் போனார்கள். 1912-இல் பாரிஸின் ஈஃபில் கோபுரத்திலிருந்து குதித்து இறந்த தையல்காரர் ஃபிரான்ஸ் ரைஷெல்ட்டை எல்லோரும் இந்தக் கதையின் தொடக்கமாகச் சொல்வார்கள். ஆனால் அவர் போட்டிருந்தது பாராசூட்டாக விரியும் என்று அவர் நம்பிய ஓர் அங்கி, இறக்கை இல்லை. உண்மையான இறக்கை மனிதர்கள் 1930-களில் வந்தார்கள். விமானக் கண்காட்சிகளில் காசு கொடுத்து வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். அமெரிக்கரான கிளெம் சோன் 1937-இல் பிரான்சின் வான்சென்னில் பெரும் கூட்டத்துக்கு முன்னால் பாராசூட் சரியாக விரியாமல் விழுந்து இறந்தார். பிரெஞ்சுக்காரர் லியோ வாலண்டின் துணியை விட்டுவிட்டு மரத்தில் இறக்கை செய்தார். 1956-இல் லிவர்பூலில் விமானத்தை விட்டு வெளியே வரும்போது அந்த இறக்கை கதவில் இடித்து உடைந்தது. அதன் பிறகு பாராசூட்டும் அவரைக் காப்பாற்றவில்லை.

இன்றைய உடையின் மூலவர் பாட்ரிக் தெ கயார்தோன், பிரெஞ்சுக்காரர். 1990-களின் நடுவில் காற்று நிரம்புகிற துணி இறக்கையை ஒழுங்காக வேலை செய்ய வைத்தவர் அவர்தான். 1997-இல் விமானத்திலிருந்து குதித்து, பறந்து, அதே விமானத்துக்குள் மறுபடி நுழைந்தார். அடுத்த ஆண்டே ஹவாயில் இறந்தார். காரணம் இறக்கை இல்லை, தன் பாராசூட் பையில் அவரே செய்த ஒரு மாற்றம். அதற்கடுத்த ஆண்டு, 1999-இல், ஃபின்லாந்தின் யாரி குவோஸ்மாவும் குரோஷியாவின் ராபர்ட் பெச்னிக்கும் சேர்ந்து பேர்ட்மேன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி உடையைக் கடைச் சரக்காக்கினார்கள். அதுவரை தைக்கத் தெரிந்த பைத்தியக்காரர்களுக்கு மட்டும் இருந்தது, அதன் பிறகு காசு கொடுத்தால் யாருக்கும் கிடைத்தது.

விமானத்திலிருந்து குதித்தால் என்ன, மலையிலிருந்து குதித்தால் என்ன, இரண்டும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஒரே உடை, ஒரே பெயர், ஆனால் இரண்டு வேறு விளையாட்டுகள்.

விமானத்திலிருந்து குதிப்பவருக்குக் கீழே நாலு கிலோமீட்டர் வெறும் காற்று. தப்பு செய்யலாம், தடுமாறலாம், சுழலலாம், திருத்திக்கொள்ள நேரம் உண்டு. பையில் இரண்டு பாராசூட். முதலாவது சிக்கினால் அறுத்துவிட்டு இரண்டாவதைத் திறக்கலாம்.

மலையிலிருந்து குதிப்பது பேஸ் ஜம்பிங். கட்டடம், கோபுரக் கம்பம், பாலம், மலை முகடு என நிலையாக நிற்கும் ஒன்றிலிருந்து குதிப்பது. இங்கே பொதுவாக ஒரே பாராசூட், ஏனென்றால் இரண்டாவதைத் திறக்க உயரமும் நேரமும் இருக்காது. குதிக்கும்போது காற்று வேகமும் கிடையாது. விமானம் ஏற்கெனவே வேகமாகப் போய்க்கொண்டிருப்பதால் வெளியே காலை வைத்ததுமே காற்று உங்களைப் பிடித்துக்கொள்கிறது. பாறை விளிம்பிலோ நீங்கள் ஒரு கல். உடை விறைத்துப் பறக்கத் தொடங்குவதற்குள் நூறு நூற்றைம்பது மீட்டர் சும்மா விழுந்தாக வேண்டும். கீழே ஒரு திட்டு நீட்டிக்கொண்டிருந்தால் அதைத் தாண்டுவதற்குள் பறக்கத் தொடங்கியிருக்க வேண்டும். இதற்காகவே லேசர் கருவி வைத்து முகட்டிலிருந்து திட்டு வரை அளக்கிறார்கள்.

இதற்குள்ளும் இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் வீடியோக்களில் வருவது: ப்ராக்ஸிமிட்டி, அதாவது சரிவை ஒட்டி, மர உச்சிகளுக்கும் பாறைகளுக்கும் சில மீட்டர் பக்கத்தில் பறப்பது. முகட்டிலிருந்து குதித்தாலும் மலையை விட்டு விலகிப் பள்ளத்தாக்குக்கு நடுவில் பறந்து போகிறவர்கள் நிறைய உண்டு. அவர்களின் வீடியோ அவ்வளவாகச் சுற்றுவதில்லை.

அப்போது விமானத்திலிருந்து என்றால் பயமே இல்லையா?

அப்படி எங்கே சொன்னேன்? கால் கை எல்லாம் துணிக்குள் இருப்பதே ஒரு தொந்தரவு. கதவை விட்டு வந்ததும் இறக்கையைச் சட்டென்று விரித்தால் தூக்கிக்கொண்டுபோய் விமானத்தின் வாலில் மோதிவிடும், அதனால் முதல் ஓரிரு நொடி சுருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 2018-இல் பிரான்சில் விங்சூட் போட்டுக் குதித்த ஒருவர், தான் இறங்கிய அதே விமானத்தின் இறக்கை மோதி இறந்தார். சமநிலை தவறினால் தட்டையாகச் சுழலத் தொடங்கும், வேகம் கூடக்கூட ரத்தம் தலைக்கு ஏறும், நிறுத்தத் தெரியாவிட்டால் நினைவு போகலாம். பாராசூட்டை இழுக்கும் சிறு பாராசூட் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் காற்றுச் சுழியில் மாட்டிக்கொண்டு நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே ஆடிக்கொண்டு வரலாம்.

அப்புறம் யாரும் யோசிக்காத ஒன்று. ஸ்கைடைவர்கள் பையில் தானியங்கித் திறப்புக் கருவி இருக்கும். ஒருவர் நினைவிழந்து விழுந்தால் அது தானாக இரண்டாவது பாராசூட்டை வெட்டித் திறந்துவிடும். அதன் வழக்கமான கணக்கு: தரையிலிருந்து 230 மீட்டர் அளவில் இருக்கும்போது நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால் திற. விங்சூட்டில் ஒழுங்காகப் பறக்கும் ஒருவர் அவ்வளவு வேகமாக இறங்குவதே இல்லை. ஆகவே கருவி, "ஆள் நன்றாகத்தான் இருக்கிறார்" என்று சும்மா இருந்துவிடக்கூடும். இதனால்தான் விங்சூட்டுக்கென்றே வேறு கணக்கோடு தனி மாதிரிகள் பின்னால் வந்தன.

சரி, பாறையை உரசிக்கொண்டு ஏன் பறக்க வேண்டும்? தூரமாகப் போனால் ஆகாதா?

நியாயமான கேள்வி. பதில் கண்ணில் இருக்கிறது. நாலாயிரம் மீட்டர் உயரத்தில் 180 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் வேகம் தெரியாது. விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கீழே ஊர் நகர்வதே தெரியாதல்லவா, அப்படித்தான். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தூரத்து மலை நிற்கிறது, பக்கத்துப் புளியமரம் பறக்கிறது. பறக்கிறோம் என்று உடம்புக்குத் தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் ஏதாவது கடந்து போக வேண்டும். வானத்தில் மேகத்தின் ஓரமாகப் பறப்பதைப் பற்றி விங்சூட்காரர்கள் கண் விரியப் பேசுவதும் இதனால்தான். மேகம் மோதினால் வலிக்காது, அது ஒன்றுதான் வித்தியாசம். (மேகத்துக்குள் புகுவது விதிப்படி தப்பு, உள்ளே வேறு ஆள் இருந்தால் தெரியாது.)

ஆக, எது சுகமோ அதுவே ஆபத்து. பாதுகாப்புக்காகத் தள்ளிப்போனால் சுகம் குறைகிறது, சுகத்துக்காகக் கிட்டே போனால் உயிர் குறைகிறது. மற்ற விளையாட்டுகளில் ஆபத்தைக் குறைத்தும் விளையாட்டைக் காப்பாற்ற முடிகிறது, கிரிக்கெட்டில் ஹெல்மெட் போட்டதும் ஆட்டம் கெட்டுவிடவில்லை. இங்கே அப்படி ஒரு ஹெல்மெட் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் "இன்னும் நல்ல உடை வந்தால் சாவு குறையும்" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். உடை எவ்வளவோ மேம்பட்டுவிட்டது. அந்த மேம்பாட்டையெல்லாம் இன்னும் தட்டையான சரிவில், இன்னும் கிட்டே பறக்கத்தான் செலவழித்தார்கள்.

எவ்வளவு ஆபத்து? எண்ணில் சொல்லுங்கள்.

விங்சூட்டுக்கு மட்டும் நம்பகமான எண் சொல்வது கஷ்டம், ஏனென்றால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணலாம், எத்தனை முறை குதித்தார்கள் என்று மலையில் யார் எண்ணுவது? ஆனால் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன. அமெரிக்க பாராசூட் சங்கக் கணக்கில் 2023-இல் அங்கே சுமார் 36.5 லட்சம் ஸ்கைடைவிங் குதிப்புகள், 10 மரணங்கள். அதாவது 3.65 லட்சம் குதிப்புக்கு ஒன்று.

நார்வேயின் ஷெராக் முகட்டில் 1995 முதல் 2005 வரை நடந்த பேஸ் குதிப்புகளை மருத்துவர்கள் எண்ணினார்கள்: 20,850 குதிப்பு, 9 மரணம். 2,317-க்கு ஒன்று. இது விங்சூட் மட்டுமல்ல, எல்லா வகையும் சேர்ந்தது, அதிலும் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரமுள்ள நல்ல முகடு. வருடத்துக்கு நூறு தடவை இந்தக் கணக்கில் குதித்தால் அந்த வருடத்துக்குள் சாகும் வாய்ப்பு நூற்றுக்கு நாலு. பத்து வருடம் தொடர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இவ்வளவு திறமைசாலிகள் எப்படி இறக்கிறார்கள்?

டீன் பாட்டர், அமெரிக்காவின் புகழ்பெற்ற மலையேறி, 2015 மே மாதம் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் டாஃப்ட் பாயிண்ட் என்ற முகட்டிலிருந்து அந்தி நேரத்தில் நண்பர் கிரஹாம் ஹண்டோடு குதித்தார், ஒரு பாறை இடுக்கைத் தாண்டும்போது இருவரும் பாறையில் மோதி இறந்தார்கள். உலி இமானுவேல் 2015-இல் சுவிட்சர்லாந்தில் இரண்டு மீட்டர் அகலமே உள்ள பாறைத் துளைக்குள் புகுந்து வெளியே வந்தவர், 2016 ஆகஸ்ட் 17 அன்று இத்தாலியின் டோலமைட் மலைகளில் இறந்தார். ஐந்து நாள் கழித்து அலெக்சாண்டர் போல்லி, ஸ்பெயினில் பாறைக் குகைக்குள் புகுந்து பறந்தவர், பிரான்சின் ஷாமோனியில் இறந்தார். ரஷ்யரான வலேரி ரோசோவ், 2016-இல் சோ ஓயு மலையில் 7,700 மீட்டரிலிருந்து குதித்துச் சாதனை படைத்தவர், அடுத்த ஆண்டு நேபாளத்தின் அமா டப்லாமில் இறந்தார். இவர்கள் எவரும் கற்றுக்குட்டி இல்லை.

கணக்கு எளிது. மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 50 மீட்டர். ஒரு தவறு நடந்ததை மூளை உணர்ந்து உடம்பு திருத்த அரை நொடி ஆனாலும் 25 மீட்டர் கடந்திருக்கும். மரத்துக்கு மேலே ஐந்து மீட்டரில் போகிறவரிடம் அந்த இருபத்தைந்து இல்லை. திறமையால் தவறுகள் குறையலாம், தவறே இல்லாமல் போகாது.

காற்று இன்னொரு கண்ணுக்குத் தெரியாத ஆள். மூன்றுக்கு ஒன்று என்ற சறுக்கு, கிடைமட்டத்திலிருந்து சுமார் 18 டிகிரி இறக்கம். மலைச்சரிவு அதைவிடச் செங்குத்தாக இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் விலகிப் போகலாம். சரிவும் உங்கள் சறுக்கும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் இடத்தில், கீழ்நோக்கி அமுக்கும் காற்று ஒன்று வந்தால், அல்லது எதிரிலிருந்து வீசினால், நேற்று தாண்டிய மேட்டை இன்று தாண்ட முடியாது. பழகிய பாதை என்பதே இங்கே ஒரு பொறி. முப்பது தடவை போன பாதையில் முப்பத்தோராவது தடவை ஒரு மீட்டர் கீழே போகலாம் என்று தோன்றும்.

தப்பித்தவர்களும் உண்டு. ஜெப் கோர்லிஸ் 2011-இல் சீனாவின் தியன்மென் மலையில், 131 மீட்டர் உயரமுள்ள இயற்கைக் குகை வாசலுக்குள் பறந்து உலகப் புகழ் பெற்றவர். நாலு மாதத்தில் தென்னாப்பிரிக்காவின் டேபிள் மலையில் பாறையில் கால் இடித்துச் சக்கரம் போல உருண்டார். எப்படியோ பாராசூட்டைத் திறந்துவிட்டார். கால்கள் உடைந்தன. ஆறிய பிறகு என்ன செய்தார் என்கிறீர்கள்? 2013-இல் சீனாவின் ஜியாங்லாங் மலையில் இரண்டு பாறைகளுக்கு நடுவிலிருந்த குறுகிய பிளவுக்குள் பறந்தார்.

கேமராதான் கெடுக்கிறதா?

ஓரளவு. தலையில் கேமரா இல்லாத காலத்திலும் செத்தார்கள், மேலே சொன்ன கண்காட்சிக் கதைகளைப் பாருங்கள், அங்கே கேமராவுக்குப் பதில் டிக்கெட் வாங்கிய கூட்டம். ஆனால் 2016 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தில் ஒருவர் கைப்பேசியில் நேரலை போட்டுக்கொண்டே குதித்து இறந்தபோது அந்த விளையாட்டுக்குள்ளேயே பலர் அதிர்ந்து போனார்கள். 2020-இல் தியன்மென்னில் ஆவணப்படத்துக்காகப் பறந்த ஓர் இளம் மாணவியும் இறந்தார். பார்க்கிற நாமும் இதில் கொஞ்சம் பங்குதாரர்தான், நான் உட்பட. பள்ளத்தாக்கு நடுவில் பத்திரமாகப் போகிற வீடியோவை நான் எத்தனை தடவை பாதியில் மூடியிருக்கிறேன்.

பாராசூட் இல்லாமலே தரையிறங்க முடியாதா?

ஒருவர் செய்தார். பிரிட்டிஷ் சண்டைக் கலைஞர் கேரி கானரி, 2012 மே 23 அன்று இங்கிலாந்தில் சுமார் 730 மீட்டரில் ஹெலிகாப்டரை விட்டு, 18,600 அட்டைப்பெட்டிகளை அடுக்கிய ஓடுபாதையில் வந்து விழுந்து, எழுந்து நடந்தார். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அவ்வளவு அட்டைப்பெட்டி இருந்தால் சொல்லுங்கள்.

போலீஸ் பிடிக்காதா?

இடத்தைப் பொறுத்தது. அமெரிக்க தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றிக் குதித்தால் வழக்கு, அதனால்தான் பலர் அந்தியிலும் விடியலிலும் ஒளிந்து குதிக்கிறார்கள். வெளிச்சம் குறைந்த நேரத்தில் குதிப்பது ஆபத்தைக் கூட்டுகிறது என்பது வேறு விஷயம். நார்வேயில் ட்ரோல்வெக்கன் பாறைச்சுவரில் 1986 முதல் தடை, ஷெராக்கில் தாராளமாக அனுமதி. ஷாமோனியில் 2016-இல் ஒருவர் வீட்டின் மேலேயே வந்து மோதி இறந்ததும் ஊராட்சி தடை போட்டது.

எனக்குப் பிடித்த ஏற்பாடு சுவிட்சர்லாந்தின் லாட்டர்புரூனன் பள்ளத்தாக்கில் இருப்பது. அங்கே குதிக்க வருகிறவர்கள், தரையிறங்கும் புல்வெளிக்காரர்களான விவசாயிகளுக்காக ஓர் அட்டை வாங்க வேண்டும், குதிக்கும் முன் ஹெலிகாப்டர் நிலையத்துக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். உயர்ந்து வளர்ந்த புல்லில் இறங்கக் கூடாது, அது மாடுகளுக்கான வைக்கோல், மிதித்தால் அறுக்க முடியாது. மனிதன் வானத்திலிருந்து விழுந்தாலும் விவசாயிக்குப் புல்தான் கவலை. அதே பள்ளத்தாக்கில் மீட்புக்குழு எத்தனையோ உடல்களையும் தூக்கியிருக்கிறது.

இந்தியாவில் யாராவது?

விமானப்படையில் உண்டு. 2018 ஜூலையில் விங் கமாண்டர் தருண் சௌத்ரி ஜோத்பூருக்கு மேலே மி-17 ஹெலிகாப்டரிலிருந்து விங்சூட்டில் குதித்தார். பொதுமக்கள் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் பெரும்பாலும் வெளிநாடுதான்.

நாளைக்கே கற்றுக்கொள்ளலாமா, எவ்வளவு ஆகும்?

நாளைக்கு முடியாது. அமெரிக்க பாராசூட் சங்க விதிப்படி முதல் விங்சூட் குதிப்புக்கு முன் குறைந்தது 200 ஸ்கைடைவிங் குதிப்புகள் முடித்திருக்க வேண்டும். விமானத்தில் ஓர் இடத்துக்கு 30 டாலர் என்று வைத்தாலே அதற்கு மட்டும் 6,000 டாலர். பயிற்சிக் கட்டணம், பாராசூட் தொகுதி, உடை எல்லாம் தனி. உடை ஆயிரம் டாலருக்கு மேல். மலைக்குப் போக வேண்டுமென்றால் அதற்குப் பிறகு பேஸ் ஜம்பிங்கைத் தனியாக, உடை இல்லாமல், பாலங்களில் தொடங்கிக் கற்க வேண்டும். ஒழுங்காகப் போனால் பல வருடங்கள். குறுக்குவழியில் போனவர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தில் சாகச விளையாட்டு விலக்கு என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பிடித்ததைச் செய்துகொண்டே போனார், நல்ல சாவு" என்கிறார்களே?

எனக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. அவருக்குப் பிடித்தது பறப்பது, மோதுவது இல்லை. கடைசி அரை நொடியில் அவருக்கு எது பிடித்திருந்தது என்று நமக்குத் தெரியாது, வீட்டில் காத்திருந்தவர்களுக்கு எது பிடித்திருந்தது என்று நன்றாகவே தெரியும். ஆனால் "திமிர் பிடித்தவன், வேண்டும்" என்று கமெண்ட் போடுவதும் அதே அளவு மட்டம். அவர்களில் பலர் முகட்டுக்கு ஏறிப்போய், காற்று சரியில்லை என்று உடையைக் கழற்றி மடித்துக்கொண்டு நடந்தே இறங்கியவர்கள். அந்த நாட்களை யாரும் படம் பிடிப்பதில்லை.

என் பையன் போகிறேன் என்கிறான், என்ன சொல்ல?

வேண்டாம் என்று மட்டும் சொன்னால் உங்களிடம் சொல்லாமல் போவான். விமானமா மலையா என்று முதலில் கேளுங்கள். விமானம் என்றால், பயிற்சியாளரோடு கட்டிக்கொண்டு ஒரு டேண்டம் குதிப்புக்கு அனுப்புங்கள், பலருக்கு ஆசை அதிலேயே தீர்ந்துவிடும், தீராவிட்டால் அந்த 200-ஐ எண்ணத் தொடங்கட்டும். மலை என்றால், இருபது வருடமாகப் பறந்து இன்னும் உயிரோடு இருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, சேர்ந்து பறந்த நண்பர்களில் எத்தனை பேர் இப்போது இல்லை என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் பதில் சொல்வதற்கு முன் விரல் விட்டு எண்ணத் தொடங்குவார்.